காத்திருப்புக் கூடத்தில் குறைந்துபோன வெளிச்சம்: ரெண்டர் மென்பொருள் ஒப்பீடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கண் மருத்துவமனையின் தரைத்தளக் காத்திருப்புக் கூடத்தைப் புதுப்பிக்கும் பணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மொத்தமே ஐந்து பேர் வேலை செய்யும் உள்ளரங்க வடிவமைப்பு அலுவலகம். மூவர் வடிவமைப்பாளர்கள், ஒருவர் தள வேலையைக் கவனிப்பவர், ரெண்டர் படங்கள், அதாவது கட்டுவதற்கு முன்பே அறை எப்படி இருக்கும் என்று கணினியில் காட்டும் படங்கள் செய்வது நான்.

கூடத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 5 மீட்டர். ஃபால்ஸ் சீலிங் போட்டபின் உயரம் 2.7 மீட்டர். முகப்புப் பக்கம் மட்டும்தான் கண்ணாடி. அங்கிருந்து உள்ளே போகப் போகப் பகல் வெளிச்சம் மங்கிவிடும். உள்முனையில் மருத்துவர் அறைகளுக்குப் போகும் நடைவழி, கூடத்தைவிட ஒரு படி உயரத்தில் இருந்தது. பழைய கட்டடம் என்பதால் அந்தப் படியை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் சாய்தளம் ஒன்று வைத்தோம். உள்முனைச் சுவருக்கு அடர்நிற மர வெனீர். கூரையில் தலா 800 லூமென் (விளக்கு வீசும் மொத்த ஒளியின் அலகு) கொண்ட 14 டவுன்லைட்டுகள்.

அப்போது நாங்கள் பயன்படுத்தியது நிகழ்நேர ரெண்டர் வகை மென்பொருள். என்ஸ்கேப், ட்வின்மோஷன், லூமியான், டி5 போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. மாடலில் ஒரு நாற்காலியை நகர்த்தினால் படத்திலும் உடனே நகரும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வடிவமைப்பை மாற்றிக் காட்டலாம். இந்தக் கூடத்துக்கும் அப்படித்தான் செய்தோம். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் மூன்று சந்திப்புகளில் எல்லாவற்றையும் முடிவு செய்தார். படங்களில் கூடம் முன்னிருந்து பின்வரை ஒரே சீரான வெளிச்சத்தில் இருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது, எங்களுக்கும் பிடித்திருந்தது.

விளக்குகள் எத்தனை, எங்கே என்பதையும் அந்தப் படங்களைப் பார்த்தே முடிவு செய்தோம். தனியாக விளக்கொளிக் கணக்கு எதுவும் போடவில்லை. இந்த ஆய்வில் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான்.

ஒப்படைத்தபின் தெரிந்தது

கூடம் திறந்து இரண்டு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். கண்புரை அறுவைக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா உள்முனைப் படியைக் கவனிக்காமல் தடுமாறியிருக்கிறார். உதவியாளர் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அதற்கு முன்பும் இரண்டு மூன்று பேர் அதே இடத்தில் தயங்கி நின்று, சுவரைத் தடவிக்கொண்டு போனதாகப் பணியாளர்கள் சொன்னார்கள்.

நேரில் போனபோது டாக்டர் கையில் டேப்லெட் இருந்தது. நாங்கள் கொடுத்த படத்தை அதில் திறந்து, அதே கோணத்தில் நின்று நீட்டினார். "இந்தப் படத்துல இருக்கற வெளிச்சம் இங்க எங்கங்க இருக்கு?" கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி எங்களை அதிகம் உலுக்கியது.

ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுநாள் இரவு போனோம். முகப்புப் பக்கத்தில் தரைமட்டத்தில் 120 லக்ஸ் வரை இருந்தது. படிக்கு அருகே 70. காத்திருப்பு அறைகளுக்குப் பொது வெளிச்சம் 200 லக்ஸ் என்கிறது உள்ளரங்கப் பணியிட விளக்கொளிக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12464-1. அது நல்ல பார்வை உள்ளவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அளவு. பார்வை மங்கியவர்கள் வந்து போகும் இடத்தில், அதுவும் படிக்கு அருகே, நாங்கள் அதில் பாதிகூடக் கொடுத்திருக்கவில்லை.

வெளியே நேர்வெயிலில் 1,00,000 லக்ஸ்வரை இருக்கும். அங்கிருந்து உள்ளே வருபவரின் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ரெண்டர் படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைக் காட்டாது. ஒளிரும் திரையில், பழகிய கண்ணோடு பார்க்கும் படம் அது.

முதல் முடிவு: மென்பொருளை மாற்றுவோம்

அலுவலகத்தில் எல்லோரும் முதலில் சொன்னது, மென்பொருள் ஏமாற்றிவிட்டது என்பதுதான். நானும் அதையே சொன்னேன். பாத் டிரேசிங் செய்யும் மென்பொருளுக்கு மாறுவது என்று பேச்சு வந்தது. ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் தெறித்துப் போகும் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை அது. நாங்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று கொரோனா: 2009-இல் பிராகிலுள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, 2017-இல் வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளை உருவாக்கும் கேயாஸ் நிறுவனத்திடம் போனது, கணக்கு முழுவதையும் கணினியின் மையச் செயலியான சிபியு-விலேயே செய்வது. மற்றொன்று சைக்கிள்ஸ்: 2011 முதல் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுடன் இலவசமாக வருவது, சிபியு, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் செயலி) இரண்டிலும் ஓடும்.

மூன்று பேர் ஆளுக்கொரு மென்பொருளில் அதே கூடத்தைச் செய்வது, எல்லோரும் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது என்று திட்டம். பழைய நிகழ்நேர மென்பொருளும் போட்டியில் இருந்தது. ஒரு வாரம் கழித்து மூன்று படங்களையும் சுவரில் ஒட்டி வாக்கெடுத்தோம். கொரோனா படம் வென்றது. நிழல்கள் மென்மையாக, நிறம் இதமாக, நாற்காலித் துணியின் இழைகூடத் தெரிகிற மாதிரி இருந்தது.

ஏறக்குறைய உரிமம் வாங்கப் போகும் நேரத்தில், எங்களில் வயதில் சின்னவரான வடிவமைப்பாளர் கேட்டார்: "அண்ணா, இதுல எது அந்த ரூம் மாதிரி இருக்கு?"

மூன்றுமே அந்த அறை மாதிரி இல்லை. மூன்றிலும் படிக்கு அருகே நன்றாக வெளிச்சம் இருந்தது. பாத் டிரேசிங் படங்கள் இரண்டிலும்கூட.

அந்த ஒப்பீட்டில் எது பிழை

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பப் பார்த்தோம். ஒருவர் அகலமான லென்ஸ் வைத்திருந்தார், மற்றவர் குறுகலானது. ஒருவருடைய காமிரா இடுப்பு உயரத்தில், இன்னொருவருடையது கண் உயரத்தில். நாற்காலிகள் வெவ்வேறு. நிறக்கோவை வெவ்வேறு: பிளெண்டர் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் என்ற டோன் மேப்பிங் இயல்பாக வருகிறது, கொரோனாவில் வேறு வளைவு, நிகழ்நேர மென்பொருளில் வேறு. பிரகாசமான பகுதிகளை எப்படி அடக்கி, இருட்டை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பது இந்த வளைவுதான். நாங்கள் வாக்களித்ததில் பாதி அதற்கே போயிருக்கிறது.

மீதிப் பாதி, செய்தவரின் கைக்கு. கொரோனா ஓடுவது 3டிஎஸ் மேக்ஸ் என்ற 3டி மென்பொருளுக்குள். நான் பத்து வருடமாக அதில் வேலை செய்பவன். கொரோனா படத்தைச் செய்ததும் நான்தான். என் கை பழக்கப்பட்ட இடத்தில் படம் நன்றாக வந்ததை மென்பொருளின் தரம் என்று எடுத்துக்கொண்டோம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று இருந்தது. மூவருமே விளக்குகளின் வலுவைக் கண்ணால் பார்த்துச் சரி செய்திருந்தோம். படம் மங்கலாக இருந்தால் எண்ணைக் கூட்டுவது எங்கள் பழக்கம். காமிராவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரப்பு விளக்கை வைப்பதும் அப்படியே. முதலில் டாக்டருக்குக் கொடுத்த படத்தின் கோப்பைத் திறந்து பார்த்தபோது அதே நிரப்பு விளக்கு அங்கேயும் இருந்தது. வைத்தது நான். தானியங்கி எக்ஸ்போஷரும் இயக்கத்திலேயே இருந்தது. கூடம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் அது படத்தைத் தூக்கிக் காட்டியிருக்கும். மென்பொருள் ஏமாற்றவில்லை. ஏமாற்றும்படி நாங்கள் அதை வைத்திருந்தோம்.

இரண்டாவது முடிவு: கட்டிய அறையோடு ஒப்பிடுவது

படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை நிறுத்தினோம். அளவுகோலாகக் கட்டி முடித்த கூடத்தையே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். மருத்துவமனை மூடிய பிறகு இரவுகளில் வந்து அளந்துகொள்ளச் சம்மதித்தார்.

முதலில் இரவு மட்டும். பகலில் வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும். இரவில் இருப்பது 14 விளக்குகள்தான்.

தரையில் மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து லக்ஸ் அளந்தோம். முக்காலியில் காமிராவை 1.35 மீட்டர் உயரத்தில் வைத்து, 24 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸில், வெள்ளைச் சமநிலையைப் பூட்டி, பல எக்ஸ்போஷர்களில், காமிரா எதையும் திருத்தாத ரா கோப்புகளாக எடுத்தோம். ஒன்பது இடங்களில் 18 சதவீதச் சாம்பல் அட்டை வைத்தோம். விளக்குத் தயாரிப்பாளரிடமிருந்து ஐஇஎஸ் கோப்பு வாங்கினோம். ஒரு விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்று ஆய்வகத்தில் அளந்து எழுதிய கோப்பு அது. சுவர் வண்ணத்தின் ஒளித்தெறிப்பு அளவை வண்ண அட்டையிலிருந்து எடுத்தோம். வெனீருக்கும் தரைக்கும் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம்.

பிறகு ஒரே மாடல், ஒரே காமிரா, ஒரே மெட்டீரியல் எண்கள், ஒரே ஐஇஎஸ் கோப்பு. பாத் டிரேசர்கள் இரண்டிலிருந்தும் டோன் மேப்பிங் எதுவும் இல்லாத இஎக்ஸ்ஆர் கோப்பாக எடுத்து, இரண்டுக்கும் ஒரே வளைவைப் போட்டோம். நிகழ்நேர மென்பொருளில் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்திக் கையால் பூட்டினோம்.

இதில் சாம்பல் அட்டையின் பயனைச் சொல்லியாக வேண்டும். மாடலுக்குள்ளும் அதே இடங்களில் 18 சதவீதத் தெறிப்புள்ள அட்டைகளை வைத்தோம். பளபளப்பில்லாத பரப்பின் ஒளிர்வு, அதன்மேல் விழும் லக்ஸைத் தெறிப்பு அளவால் பெருக்கி பை எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 70 லக்ஸ் விழும் இடத்தில் 18 சதவீத அட்டை சதுர மீட்டருக்குச் சுமார் 4 கேண்டெலா ஒளிரும். ஆகவே படத்தில் அட்டையின் பிக்சலைப் படித்தால் அந்த இடத்தின் லக்ஸ் தெரிந்துவிடும். "நல்லா இருக்கு, நல்லா இல்ல" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

சோதனையில் கண்டவை

முதல் நாள் ஒரு மென்பொருளில் படம் முழுக் கறுப்பு. மாடலை இறக்குமதி செய்யும்போது அளவு பத்து மடங்காகியிருந்தது. விளக்கொளி தூரத்தின் வர்க்கத்தில் குறையும். பத்து மடங்கு தூரத்தில் நூறில் ஒரு பங்கு. கண்ணால் சரி செய்யும் பழக்கத்தில் இருந்திருந்தால், விளக்கை நூறு மடங்கு கூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்போம். இத்தனை வருடத்தில் அப்படி எத்தனை முறை செய்திருப்பேன் என்று யோசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்தது வெள்ளை. என் பழைய கோப்புகளில் வெள்ளைச் சுவருக்கு நிற எண் 250 வைத்திருந்தேன், 255-க்கு. பார்வைக்கு வெள்ளை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற அளவையில் எண் 250 என்றால், பட்ட ஒளியில் 95.6 சதவீதத்தைத் திருப்பி வீசும் சுவர். உண்மையான வெள்ளை வண்ணம் பூசிய சுவர் 80 சதவீதத்தை ஒட்டித்தான் வீசும். அதற்கான எண் 231. 19 எண் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒளி ஒரு முறை மட்டும் தெறிப்பதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையான மூடிய அறையை எடுத்துக்கொண்டால், மொத்த வெளிச்சம் நேரடி வெளிச்சத்தைப்போல 80 சதவீதச் சுவரில் 5 மடங்கு, 95.6 சதவீதச் சுவரில் ஏறக்குறைய 23 மடங்கு. எங்கள் கூடத்தில் தரையும் வெனீரும் ஒளியை விழுங்கியதால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகவில்லை. ஆனால் 231-க்கு மாற்றியதும் உள்முனை சட்டென்று மங்கிப்போனதை நாங்கள் எல்லோரும் திரையில் பார்த்தோம். நேரில் பார்த்த கூடம் அப்போதுதான் முதல்முறையாகப் படத்தில் தெரிந்தது.

மூன்றாவது, தெறிப்புகளின் எண்ணிக்கை. சைக்கிள்ஸில் பளபளப்பில்லாத பரப்புகளுக்கு இயல்பாக 4 தெறிப்புகள்தான் கணக்கில் வரும். 80 சதவீதச் சுவர்கள் கொண்ட மூடிய அறையில் நான்கோடு நிறுத்தினால் 5 மடங்குக்குப் பதில் 3.36 மடங்குதான் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒளி காணாமல் போகும். வெளிப்புறக் காட்சிக்கு அந்த 4 தாராளம். உள்ளரங்கத்துக்கு 12-ஆக உயர்த்தினோம்.

இவை எல்லாம் சரியானபின் கிடைத்த முடிவை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கொரோனாவும் சைக்கிள்ஸும் ஒன்பது அட்டைகளிலும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. லக்ஸ் மீட்டர் காட்டியதிலிருந்து இரண்டும் பத்து சதவீதத்துக்குள். அந்தக் கருவியின் பிழையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். யோசித்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1986-இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாட்டுக்குத்தான் எல்லாப் பாத் டிரேசர்களும் விடை தேடுகின்றன. கேள்வி ஒன்று, உள்ளீடு ஒன்று என்றால் விடையும் ஒன்றாகத்தான் வர வேண்டும். ஒரு வாரம் சுவரில் ஒட்டி நாங்கள் வாக்களித்த "தரம்", பூட்டாமல் விட்ட உள்ளீடுகளின் வித்தியாசம்.

நிகழ்நேர மென்பொருள் விளக்குகளுக்கு நேர்கீழே நன்றாகப் பொருந்தியது. உள்முனையில், நேரடி ஒளி குறைந்து தெறித்த ஒளியே அதிகமாக உள்ள இடத்தில், விலகியது. இந்த வகை மென்பொருள்கள் நொடிக்குப் பலமுறை படத்தை வரைய வேண்டியிருப்பதால் தெறிப்பொளியைச் சுருக்க வழிகளில் மதிப்பிடுகின்றன. எங்கள் தவறும் அதில் சேர்ந்திருந்தது: ஃபால்ஸ் சீலிங்கையும் ஒரு தடுப்பையும் தடிமன் இல்லாத ஒற்றைப் பரப்பாக மாடல் செய்திருந்தோம். அந்த விளிம்புகளில் ஒளி கசிந்தது. தடிமன் கொடுத்ததும் பெருமளவு நின்றது.

நேரமும் நினைவகமும்

ஒப்பீடு என்றால் எல்லோரும் முதலில் கேட்பது வேகம். எங்களுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. படத்திலுள்ள புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள், அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். எந்தப் பாத் டிரேசருக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி உள்ள ஆழமான கூடம் இந்த முறைக்கு மிகக் கடினமான காட்சிகளில் ஒன்று. பெரும்பாலான கதிர்கள் சன்னலைக் கண்டுபிடிக்காமலே செத்துப்போகும்.

நாய்ஸை வழித்துச் சீராக்கும் டீநாய்சரைப் போட்டால் நிமிடங்களில் படம் சுத்தமாகிவிடுகிறது. நாங்களும் போட்டோம். ஆனால் பார்வையற்றோர் காலால் உணர்வதற்காகத் தரையில் பதித்திருந்த புடைப்புப் பட்டையை அது வழித்தெடுத்துவிட்டது; வெறும் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. இந்த மருத்துவமனையின் படத்தில் மறையக் கூடாத ஒரு பொருள் அது. சாம்பிளைக் கூட்டிவிட்டு, டீநாய்சரைப் பாதி வலுவில் மட்டும் கலந்தோம்.

ஜிபியு-வில் ஓட்டியபோது நினைவகம் தீர்ந்தது. எங்களிடம் இருந்தது 8 ஜிபி கார்டு. சுருக்காத 4கே டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படம்) ஒன்று 64 எம்பி பிடிக்கும். நூறு டெக்ஸ்சர் என்றால் 6.4 ஜிபி அங்கேயே போய்விடும். தூரத்திலுள்ள பொருள்களுக்கெல்லாம் 2கே போதும், அது 16 எம்பி. குறைத்ததும் ஓடியது. சிபியு-வில் இந்தத் தொல்லை குறைவு. கணினியின் முழு நினைவகமும் கிடைக்கும்.

பகல் சோதனையில் எங்களுக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை. முகப்புக் கண்ணாடியை உண்மையான ஒளிமுறிவோடு வைத்தபோது, சன்னல் வழி வரும் ஒளி கணக்கிடக் கடினமான காஸ்டிக்ஸாகி (கண்ணாடியில் முறிந்து வரும் ஒளி), கூடம் இருண்டு நாய்ஸ் பெருகியது. மெல்லிய கண்ணாடி என்ற அமைப்புக்கு மாற்றியபின் சரியானது. ஆனால் வானத்தை எப்படி ஒப்பிடுவது என்பதில் தோற்றோம். படம் எடுக்கத் தொடங்கி முடிப்பதற்குள் மேகம் மாறிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரே மென்பொருள் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். வடிவமைப்புச் சந்திப்புகளுக்கு நிகழ்நேர மென்பொருளே தொடர்கிறது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வரவேற்பு மேசையை நகர்த்தச் சொன்னால், இரவு முழுவதும் காத்திருந்து காட்டுவதில் பொருளில்லை. எக்ஸ்போஷர் பூட்டப்பட்டிருக்க வேண்டும், வெள்ளை 231-ஐத் தாண்டக் கூடாது, நிரப்பு விளக்கு கிடையாது. இவை மூன்றும் இப்போது அலுவலக விதி.

ஒப்புதலுக்குக் கொடுக்கும் படங்களுக்குக் கொரோனா. அது சைக்கிள்ஸைவிடச் சரியானது என்பதால் அல்ல. இரண்டும் சமம் என்று நாங்களே அளந்துவிட்டோம். நான் 3டிஎஸ் மேக்ஸில் வேலை செய்பவன் என்பது ஒரு காரணம். மற்றொன்று, அதிலுள்ள லைட்மிக்ஸ்: ஒரு முறை ரெண்டர் செய்துவிட்டு ஒவ்வொரு விளக்குக் கூட்டத்தையும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். பிளெண்டர் 3.2 முதல் சைக்கிள்ஸிலும் விளக்குக் குழுக்களைப் பிரித்தெடுத்து இதைச் செய்யலாம், படங்களை ஒன்றாகச் சேர்க்கும் கம்போசிட்டரில் கொஞ்சம் வேலை கூடும். எங்கள் இளைய வடிவமைப்பாளர் பிளெண்டரிலேயே தொடர்கிறார். உரிமச் செலவு தாங்க முடியாத அலுவலகமாக இருந்தால் நான் தயங்காமல் சைக்கிள்ஸைத்தான் சொல்வேன்.

வெளிச்சம் போதுமா என்ற கேள்விக்கு இனி ரெண்டர் படம் பதில் சொல்லாது. அதற்கு டயலக்ஸ் என்ற விளக்கொளிக் கணக்கு மென்பொருளில் கணக்குப் போட்டு, லக்ஸ் வரைபடத்தைப் படத்தோடு சேர்த்துக் கொடுப்பது என்று வைத்தோம். அளவுகள் பூட்டிய பாத் டிரேசரிலிருந்தும் லக்ஸ் எடுக்கலாம் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அழகுக்காக அமைப்புகளை மாற்றும் அதே கோப்பிலிருந்து பாதுகாப்புக்கான எண்ணை எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் வேறு கோப்பாக, முடிந்தால் வேறு ஆளிடம் இருக்கட்டும்.

கூடத்தில் செய்த மாற்றம்

சரிசெய்த கோப்பில் முதலில் இருக்கிறபடியே கூடத்தைக் காட்டினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "ஆமா, இதுதான் நம்ம ஹால்" என்றார். பிறகு இரண்டு வழிகளை வைத்தோம். ஒன்று, எல்லா டவுன்லைட்டுகளையும் வலுவானவையாக மாற்றுவது. மற்றொன்று, உள்முனைக்கு மட்டும் தலா 2,000 லூமென் கொண்ட இரண்டு நீள்விளக்குகள், வெனீருக்குப் பதில் வெளிர்நிறச் சுவர், படி விளிம்பில் அடர்நிறப் பட்டை.

முதல் வழியில் முகப்புப் பக்கம் தேவைக்கு மேல் கூசும் என்று படத்திலேயே தெரிந்தது. கண்புரை உள்ளவர்களுக்கு மங்கலைவிடக் கூச்சம் அதிகம் தொல்லை தரும் என்று டாக்டர் சொன்னார். இது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வடிவமைப்பின் முதல் நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டிய விஷயம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். வேலைச் செலவில் எங்கள் பங்கை நாங்கள் ஏற்றோம்.

டயலக்ஸ் கணக்கு படிக்கு அருகே 220 லக்ஸ் என்றது. வேலை முடிந்து அதே புள்ளியில் அளந்தபோது 210. வெனீரை எடுத்ததில் எங்கள் வடிவமைப்பாளர்களில் ஒருவருக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. அந்த மரச்சுவர் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஆனால் பணியாளர்கள் சொல்வதுபோல, அந்த இடத்தில் இப்போது யாரும் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதில்லை.

இனி வேறுவிதமாகச் செய்பவை

புது மென்பொருள் எது வந்தாலும் சோதிக்க இந்தக் கூடத்தின் கோப்பு எங்களிடம் இருக்கிறது: மாடல், ஐஇஎஸ், ரா கோப்புகள், லக்ஸ் புள்ளிகள், மெட்டீரியல் எண்கள் எல்லாம் ஒரே இடத்தில். ஒரு மென்பொருளைப் பார்க்க இப்போது ஒரு நாள் போதும். முன்பு ஒரு வாரம் போட்டு ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. கட்டி முடித்த ஓர் அறையாவது எல்லா அலுவலகத்திலும் இருக்கும். லக்ஸ் மீட்டரும் சாம்பல் அட்டையும் வாங்கிவிட்டால் இதை யாரும் செய்யலாம். செய்ய வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்புதலுக்கு இனி இரண்டு படங்கள் கொடுக்கிறோம்: மேகமூட்டமான பகல் ஒன்று, விளக்குகள் மட்டும் எரியும் இரவு ஒன்று. வெயில் சாய்ந்து விழும் படத்தை யார் கேட்டாலும் தருகிறோம், ஆனால் தனியாக முதலில் தருவதில்லை.

விளக்கின் நிறத்தரம் பற்றி ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துத் தருகிறோம். நாங்கள் ரெண்டர் செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில். ஒரே 4000 கெல்வின் ஒளிநிறம் கொண்ட இரண்டு எல்இடி விளக்குகளில் ஒன்றின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 70, மற்றதன் சிஆர்ஐ 90 என்றாலும் படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நேரில் அந்த வெளிச்சத்தில் தோலின் நிறமும் கண்ணின் சிவப்பும் வேறுபடும். கண் மருத்துவமனைக்கு அது சின்ன விஷயமில்லை. அந்த முடிவை விளக்கை நேரில் எரியவிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் தளத்திலும் ஒரு காத்திருப்புக் கூடம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதன் வேலையை டாக்டர் எங்களிடமே கொடுத்திருக்கிறார். முதல் சந்திப்பில் லக்ஸ் வரைபடத்தைத்தான் விரித்தோம், படம் அதற்குப் பிறகு. பகல் ஒளிச் சோதனை மட்டும் முடியாமல் நிற்கிறது. முகப்புக்கு வெளியே இன்னொரு லக்ஸ் மீட்டர் வைத்து, உள்ளும் புறமும் ஒரே நொடியில் அளந்து விகிதமாக ஒப்பிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வானம் மாறினாலும் விகிதத்தில் அந்த மாற்றம் பெரும்பாலும் கழிந்துவிடும். இரண்டாவது மீட்டரை வாங்கியாயிற்று. மேகமூட்டமான ஒரு விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கிறோம்.